கத்தி படாத காலும் கத்தி பட்ட காலும்

கடித எண் 4 / 1987
காரைக்கால், 15 மார்ச் 1987, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 6.10

1. உன் தாயாரின் இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டது குறித்து

அன்பு மகனுக்கு,

பிப்ரவரி 20-ஆம் தேதியிட்ட உன் கடிதம், நாங்கள் புதுச்சேரியிலிருந்து வீடு திரும்பிய 27-ஆம் தேதி வெள்ளிக்கிழமையன்றே கிடைத்தது. உடனே மறுமொழி எழுதாததற்குக் காரணம் உண்டு. உன் அம்மாவின் நடையைப் பற்றி நிச்சயமாகச் சொல்ல என்னிடம் ஏதாவது இருந்தால்தான் எழுதுவது என்று காத்திருந்தேன். இன்று சொல்ல முடிகிறது. மேலே ஒன்று என்று எண்ணிட்டிருக்கிறேன். இரண்டாவது பொருள் எதுவும் இந்தக் கடிதத்தில் இல்லை. நீ கேட்டிருப்பதும் ஒரே கேள்விதான். "என் கால் கத்தி படாமல்தான் சேர்ந்தது, அதை நீங்களே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள், அப்படியிருக்க நான் வேண்டாம் என்று தந்தி கொடுத்த பிறகும் அம்மாவை ஏன் அறுக்க விட்டீர்கள்" என்று கேட்டிருக்கிறாய். உன் கோபத்தில் தவறில்லை. ரூர்கேலாவில் விடுப்பு மறுக்கப்பட்டு, ஆயிரம் மைலுக்கு அப்பால் தனியறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வேறு எப்படி எழுதத் தோன்றும்? ஆகவே நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். அதற்கு முதலில் உன் காலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் காலைப் பற்றி உனக்குத் தெரிந்தது பாதிதான். எனக்கே மீதிப் பாதி சென்ற மாதம்தான் தெரியவந்தது.

1972 ஜூன் 11-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. உனக்குப் பத்து வயது. நெடுங்காட்டில் உன் மாமா வீட்டுக்கு விடுமுறைக்குப் போயிருந்தாய். ஆற்றில் தண்ணீர் இன்னும் வரவில்லை. வாய்க்கால் தரை வெடித்துக் கிடந்தது. மதகுச் சுவரின் மேலிருந்து பையன்கள் ஒவ்வொருவராகக் குதித்திருக்கிறார்கள், நீயும் குதித்தாய். மற்றவர்கள் எழுந்தார்கள், நீ எழவில்லை. உன் மாமா ஓடிவந்து தொடையைப் பார்த்திருக்கிறார். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வரவில்லை, ஆனால் தொடை நடுவில் வில்லாக வளைந்திருந்தது. மூங்கிலைப் பிளந்து, வேட்டியைக் கிழித்துச் சுற்றி, இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் அசையாமல் கட்டி, வைக்கோல் பரப்பிய மாட்டுவண்டியில் உன்னைக் காரைக்காலுக்குக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தக் கட்டைப் பார்த்துவிட்டு, "யாருய்யா இதைக் கட்டினது? நல்லா இருக்கே" என்று கேட்டதும், அன்றிலிருந்து இன்றுவரை உன் மாமா தம்மைப் பாதி வைத்தியராகக் கருதிவருவதும் நீ அறிந்தவையே.

கத்தி வைப்பதா வேண்டாமா என்ற பேச்சு அன்றும் வந்தது. தகடு வைத்துத் திருகாணி போட்டு முடுக்கும் முறை அப்போதே இருந்தது. நான்தான் கேட்டேன். டாக்டர் தலையசைத்தார். "பத்து வயசுப் பிள்ளை சார். இந்த வயசுல எலும்பு தானா கூட ஆசைப்படும். நேரா வச்சு, விடாம இழுத்துப் பிடிச்சா போதும். நாம தொந்தரவு பண்ணாம இருக்கணும், அவ்வளவுதான்" என்றார். உன் காலில் ஒட்டுத்துணி ஒட்டி, அதிலிருந்து கயிறு கட்டி, கட்டில் காலடியிலிருந்த உருளையின் மேலாக அந்தக் கயிற்றைச் செலுத்தி, அதன் நுனியில் எடை தொங்கவிட்டார்கள். முறிந்த எலும்பைச் சுற்றியுள்ள தசை எப்போதும் அதைச் சுருக்கப் பார்க்குமாம். எடை அதை ஓயாமல் எதிர்த்திழுத்து, இரு முனைகளையும் ஒரே கோட்டில் நிறுத்துமாம்.

அந்த எடையைப் பற்றித்தான் நான் ஆண்டுக்கணக்கில் வீட்டில் கேலிக்கு ஆளானேன். அப்போது நான் எடை அளவை முத்திரை ஆய்வாளர். கடைத்தெருவில் என் தலை தெரிந்தால் தராசுத் தட்டின் அடியில் ஒட்டிய புளி காணாமல் போகும் காலம் அது. மறுநாள் காலை வந்து பார்த்தால், என் மகன் காலில் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு பழைய துணிப்பை. உள்ளே என்ன என்று கேட்டேன். "செங்கல்லுங்க" என்றார் நர்சம்மா. எத்தனை கிலோ என்றேன். "ரெண்டு கல்லுங்க" என்றார். எனக்கு இரத்தம் கொதித்தது. அலுவலகத்துக்குப் போய் முத்திரையிட்ட இரும்பு எடைக்கற்களைக் கொண்டுவந்தேன். டாக்டர் சீட்டில் எழுதியிருந்த அளவு எதுவோ அதைத் துல்லியமாகத் தொங்கவிடும் நோக்கத்தோடு, யாரையும் கேட்காமல் அந்தப் பையை அவிழ்த்தேன். இழுவை விட்டதும் உன் தொடைத் தசை சுருண்டு இறுகியது. நீ போட்ட கூச்சலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. உன் அம்மா என்னை விலக்கித் தள்ளிவிட்டு அந்தப் பையைக் கையால் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றாள், நர்சம்மா வந்து கயிற்றை முடிச்சிடும்வரை. டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்தார். "கல்லு எத்தனை கிலோங்கிறது பெரிசில்லை சார். படம் எடுத்துப் பார்த்து நான் கூட்டுவேன், குறைப்பேன். ஆனா ஒரு நிமிஷம்கூட விடக்கூடாது. விடாம இருக்கிறதுதான் மருந்து. உங்க முத்திரையெல்லாம் மளிகைக் கடையில வச்சுக்குங்க" என்றார். எனக்கு அவர்மீது இன்றும் நன்றி உண்டு. கத்தியின்றிச் செய்யும் சிகிச்சை சும்மா இருப்பது என்று நினைத்திருந்தேன். அது இடைவிடாத வேலை என்பதை அந்த ஒரு வசவில் தெரிந்துகொண்டேன்.

ஆனால் அந்த வேலையைச் செய்தவர் யார் என்பதை நான் யோசிக்கவில்லை. நான் காலையிலும் மாலையிலும் வந்து நின்று பார்த்துவிட்டுப் போவேன். இழுவையிலும், அதன்பின் இடுப்பிலிருந்து பாதம்வரை போட்ட மாவுக்கட்டிலும் நீ கிடந்த காலம் முழுதும், உன் கட்டிலுக்கடியில் பாய் விரித்துக் கிடந்தவள் உன் அம்மா. மலத்தட்டு வைத்து எடுப்பது, முதுகைத் தூக்கித் துடைத்துப் பவுடர் போடுவது, குதிகால் படுக்கையில் அழுந்திப் புண்ணாகாமல் பழைய புடவையைச் சும்மாடாகச் சுருட்டி அதன்மேல் வைப்பது, பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லி உன்னை நச்சரிப்பது, நீ அசைக்க மறுத்தால் கதை சொல்லி அசைக்க வைப்பது என எல்லாம் அவளே. வீட்டுக்கு வந்தபின் நீ நொண்டி நொண்டி நடந்து, பிறகு ஓடி, பிறகு பள்ளியில் கால்பந்து ஆடியபோது, "என் மகன் கால் கத்தி படாத கால்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னவன் நான். நம் வீட்டில் எவர் உடம்பிலும் கத்தி பட்டதில்லை என்பதை ஒரு பரம்பரைப் பட்டம் போலச் சொல்லிவந்தேன். நீ அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன். உன் தந்தியில் இருந்தது என் சொல்தான், மகனே. என்னிடமே திரும்பி வந்தது.

இனி இந்த ஆண்டு நடந்தது. பிப்ரவரி 3-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, கொல்லைப்புறப் படியில் உன் அம்மா வழுக்கி விழுந்தாள். பெரிய விழுதல் அல்ல. பக்கவாட்டில் உட்கார்ந்ததுபோல் விழுந்தாள். ஆனால் எழ முடியவில்லை. வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது, அந்தக் கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்தது. இங்கே படம் எடுத்தார்கள். தொடையெலும்பின் உச்சியில், பந்துபோல் இருக்கும் தலைக்குக் கீழே, கழுத்துப் பகுதி முறிந்திருந்தது. புதுச்சேரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். 5-ஆம் தேதி ஆம்புலன்ஸ் வண்டியில் புறப்பட்டோம். சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று ஒவ்வொரு ஊர்ப் பள்ளத்துக்கும் அவள் உதட்டைக் கடித்தாள். எனக்குத்தான் வாய் ஓயாமல் புலம்பல்.

அங்கே இருந்த எலும்பு மருத்துவர் உன்னைவிடச் சில வயதே மூத்தவராக இருப்பார். முறிந்த தலையை எடுத்துவிட்டு உலோகத்தால் ஆன பந்து ஒன்றைப் பொருத்தலாம் என்றார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, உனக்குத் தந்தி கொடுத்தேன். 9-ஆம் தேதி திங்கட்கிழமை, காரைக்கால் வீட்டுக்கு வந்த உன் தந்தியை எடுத்துக்கொண்டு உன் மாமா பஸ் ஏறி வந்து சேர்ந்தார். வந்ததும் வராததுமாக என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன அத்தான், அக்காவை அறுக்கப் போறாங்களாமே? பையன் காலு எதைக்கொண்டு அறுத்துக் கூடிச்சு? நீங்கதானே ஊரெல்லாம் தமுக்கடிச்சீங்க. நம்ம பக்கத்துல கட்டு வைத்தியர் இல்லாமலா போயிட்டாங்க? ஒரு வண்டி பிடிங்க, போயிடுவோம்."

எனக்கும் உள்ளூர அதே எண்ணம்தான். இருவருமாக மருத்துவரிடம் போனோம். உன் மாமா உன் காலின் கதையை மூங்கில் முதல் மாவுக்கட்டு வரை ஒன்றுவிடாமல் சொன்னார். அந்த இளைஞர் பொறுமையாகக் கேட்டார். பிறகு படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "உங்க பையனுக்கு உடைஞ்சது தொடை நடுவுல. அங்க சுத்தியும் சதை, நிறைய ரத்தம். பிடிச்சு வச்சா கூடிடும். அந்த டாக்டர் செஞ்சது ரொம்பச் சரி, நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். அம்மாவுக்கு உடைஞ்சது இங்க, மூட்டுக்குள்ள. இந்தத் தலைக்கு ரத்தம் பெரும்பாலும் கழுத்து வழியாத்தான் போகுது. கழுத்து முறிஞ்சு விலகினதும் அந்தப் பாதை அறுந்துபோச்சு. இனிமே எத்தனை நாள் இழுத்துக் கட்டினாலும் ஒட்டும்னு நம்ப முடியாதுங்க."

உன் மாமா படத்தையே உற்றுப் பார்த்தார். "அப்ப, காம்பு அறுந்த பூசணிக்காய் மாதிரிங்களா?"

மருத்துவர் சிரித்துவிட்டார். "அதேதாங்க."

"அப்ப ஒட்டாது அத்தான்" என்று என் பக்கம் திரும்பித் தீர்ப்புச் சொன்னார், ஏதோ இத்தனை நேரமும் நான்தான் கட்டு வைத்தியரிடம் போக அடம்பிடித்தது போல. ஆனால் நான் மடங்கவில்லை. ஒட்டாவிட்டால் போகட்டும், படுக்கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டால் என்ன, வயதான உடம்பில் ஏன் கத்தி வைக்க வேண்டும் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன மறுமொழியை உனக்கு எழுத்துப் பிசகாமல் தருகிறேன். "சின்னப் பிள்ளைக்குப் படுக்கை மருந்து சார். இந்த வயசுல படுக்கைதான் வியாதி. நுரையீரல்ல சளி கட்டும், முதுகுல புண்ணு வரும், கால் நரம்புல ரத்தம் உறையும். ஆபரேஷன்லயும் ஆபத்து இருக்கு, இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். மயக்க மருந்து, சீழ் பிடிக்கிறது, பந்து நழுவுறது எல்லாம் உண்டு. கொஞ்ச வருஷம் கழிச்சு அந்தப் பந்து குழியை உரசி வலியும் வரலாம். ரெண்டு பக்கமும் பயம்தான். எந்தப் பயம் சின்னதுன்னு பார்க்கிறோம். நாளைக்குக் காலையில ஆபரேஷனுக்கு இடம் இருக்கு. தள்ளிப்போடப் போடக் கஷ்டம்."

இசைவுத் தாளைக் கொடுத்தார். கணவர் கையொப்பம் என்ற இடம் காலியாக இருந்தது. மேல்சட்டையின் ஒரு பையில் அந்தத் தாள், மறு பையில் உன் தந்தி. வாழ்நாள் முழுதும் எது கூட, எது குறைவு என்று பார்த்துச் சொன்னவன், வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தேன். நீ சம்மதித்திருந்தால், அல்லது தந்தியே வராமல் இருந்திருந்தால், மருத்துவர் சொன்னதற்கு அப்போதே கையொப்பமிட்டு உள்ளே போய், "நாளை காலை ஆபரேஷன்" என்று உன் அம்மாவிடம் அறிவித்திருப்பேன். நம் குடும்பங்களில் அதுதானே வழக்கம்? உடம்பு பெண்ணுடையது, பேச்சு ஆண்களுடையது. உன் மறுப்பு ஒரு பக்கமும் மருத்துவரின் சொல் மறுபக்கமும் சமமாக நின்றதால், வேறு வழி தெரியாமல் எழுந்துபோய் அவள் கட்டிலருகே நின்று உன் தந்தியைப் படித்துக் காட்டினேன்.

"எப்ப வர்றானாம்?" என்றாள்.

"விடுப்புக் கிடைக்கவில்லையாம். மாதக் கடைசியில் கேட்டுப் பார்ப்பானாம்."

"மாசக் கடைசி வரைக்கும் எனக்கு யாரு தட்டு வைக்கிறது? நீங்களா?"

"நான் வைக்கிறேன்."

"வைப்பீங்க. எத்தனை கிராமுன்னு அளந்துதான் கீழ வைப்பீங்க." பக்கத்துக் கட்டில் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உன் அம்மா சிரிக்கவில்லை. "இங்க பாருங்க. புள்ள காலு கத்தி படாம கூடிச்சு, கத்தி படாம கூடிச்சுன்னு பதினஞ்சு வருஷமா சொல்றீங்களே, அது எப்படிக் கூடிச்சுன்னு எனக்குத்தான் தெரியும். படுக்கைன்னா என்னன்னு கூடவே கெடந்து பாத்தவ நான். அவன் கொழந்தை, துடைச்சுவிட நான் இருந்தேன், அவனுக்கு வெக்கம் இல்ல. என்னை யாருங்க துடைக்கிறது? நான் எந்திரிக்கணும். ரெண்டு காலு ஊனி நின்னு என் வேலைய நானே பாத்துக்கணும். செத்தாலும் பரவால்ல, படுத்துக் கெடக்க மாட்டேன். அந்த டாக்டர் தம்பியக் கூப்பிடுங்க, நானே சொல்றேன்."

"அவன் கோபித்துக்கொள்வான்" என்றேன்.

"கோவிச்சுக்கட்டும். அவன் காலை அவன் வச்சிருக்கான்ல? இது என் காலு."

மருத்துவர் வந்தார், அவளே சொன்னாள். என் கையொப்பத்துக்குக் கீழே தன் பெயரையும் எழுதினாள். அப்படி ஓர் இடம் அந்தத் தாளில் இல்லை, ஓரத்தில் எழுதினாள். பிப்ரவரி 10-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, அறுவை முடிந்தது. அடுத்த நாளே கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். அதற்கு மறுநாள் நிறுத்தினார்கள். ஒரு நிமிடம்கூட அசையக் கூடாது என்று உன்னைக் கட்டிப்போட்ட அதே மருத்துவம், இவளைக் கிடக்கக் கூடாது என்று விரட்டியது. முதல்முறை நின்றபோது கண் இருட்டி என் தோளில் சாய்ந்தாள். சில நாள் காயத்தில் நீர் கசிந்தது. அந்த நாள்களில், நீ சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்று நான் நினைத்ததுண்டு. பிறகு காய்ந்தது, தையல் பிரித்தார்கள்.

இப்போதைய நிலை இது. சம்மணம் போடக் கூடாது, குத்துக்காலிடக் கூடாது, தரையிலும் பலகையிலும் உட்காரவே கூடாது, தூங்கும்போது கால்களுக்கு நடுவே தலையணை. இவை வாழ்நாள் முழுதும். உன் காலுக்கு இப்படி ஒரு விலக்கும் கிடையாது. அதையும் இதையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அடுப்பை மேசைமேல் ஏற்றியாயிற்று. நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டுக் கழிப்பறைக்கு ஒன்று செய்வித்தேன். உயரத்தை நானே அளந்தேன், அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எதிர்வீட்டில் இருக்கும் பிரெஞ்சுப் படை ஓய்வூதியர், பாரிசிலிருந்து அவர் மகன் அனுப்பிய அலுமினிய நடைச்சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "வச்சுக்கம்மா, இன்னும் எனக்குக் கெழடு தட்டல" என்று கொடுத்துவிட்டுப் போனார். எண்பது வயதை எட்டியவர். உன் மாமா வாரம் இருமுறை வந்து, பூசணிக்காய் உவமை தமதே என்பதை வருவோருக்கெல்லாம் நினைவூட்டுகிறார்.

நாளை உனக்கும் ஒரு குடும்பம் அமையும். எவருக்காவது எலும்பு முறியும், மூட்டு தேயும், உலகத்தில் நடப்பதுதான். அப்போது கத்தி நல்லதா, கட்டு நல்லதா என்று கேட்காதே. அப்படி ஒரு பொதுவிடை இல்லை. எந்த எலும்பு, எந்த இடம், எவ்வளவு வயது, படுத்தால் என்ன ஆகும், அறுத்தால் என்ன ஆகும் என்று மருத்துவரைக் கேள். அதன்பின், அந்த எலும்பு யாருடையதோ அவரைக் கேள். எவ்வளவு சிரமத்தை எதற்காகத் தாங்குவார் என்பதை அவர் ஒருவரே சொல்ல முடியும். உன்னுடன் வாழ வருகிறவளிடம் இதை மற்ற காரியங்களிலும் கடைப்பிடி. எனக்கு அறுபத்தாறு வயதில் வாய்த்தது உனக்கு முன்னதாகவே வாய்க்கட்டும்.

உன் சொல்லை நான் மீறினேன் என்று எழுதியிருக்கிறாய். நடந்ததை நான் பார்க்கும் விதம் வேறு. நீ வேண்டாம் என்று சொல்லியிராவிட்டால் நான் அவளைக் கேட்டே இருக்க மாட்டேன். முப்பத்தெட்டு ஆண்டு இல்வாழ்க்கையில் அவள் உடம்பைப் பற்றி அவளிடமே நான் கேட்ட முதல் கேள்வி, உன் தந்தியால் கேட்கப்பட்டது. அதற்காக உனக்கு என் மனமார்ந்த நன்றி. அவளுக்குச் சொல்ல வேண்டிய நன்றியையும் சொல்லிவிட்டேன், பதினைந்து ஆண்டு தாமதமாக. "என்ன திடீர்னு?" என்று கேட்டுவிட்டு அடுப்பை அணைக்கச் சொன்னாள்.

உன் கோபம் தணிந்திராவிட்டாலும் விடுப்புக் கிடைத்ததும் வந்து சேர். வரும் நாளையும் வண்டியின் பெயரையும் முன்கூட்டித் தெரிவி.

இப்படிக்கு,
உன் அன்புள்ள தந்தை

இணைப்பு:

(அ) உன் அம்மாவின் இடுப்பு எக்ஸ்ரே படங்கள் இரண்டு: அறுவைக்கு முன் ஒன்று, பின் ஒன்று. மடிக்காதே. அங்குள்ள மருத்துவர் எவரிடமாவது காட்ட விரும்பினால் காட்டு. திரும்பக் கொண்டுவர வேண்டும்.

(ஆ) மருத்துவர் எழுதித் தந்த சீட்டின் நகல், என் கையெழுத்தில்.

(இ) உன் அம்மாவின் பாத அளவு வரைந்த தாள் ஒன்று. தட்டையான, வழுக்காத அடியுள்ள ரப்பர்ச் செருப்பு வாங்கி வருவதற்காக. நேற்று, 14-ஆம் தேதி சனிக்கிழமை மாலை, கூடத்தில் தாளைத் தரையில் விரித்து, அவளை அதன்மேல் நிற்கச் சொல்லி நான் குனிந்து பென்சிலால் சுற்றி வரைந்தது. வலது பாதத்தின் கோடு ஓரிடத்தில் கோணியிருப்பது என் பென்சில் சறுக்கியதால், அவள் ஆடவில்லை. ஒரு கை நடைச்சட்டத்தில் இருந்தது. மற்றக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சீக்கிரம் வரையுங்கள், அடுப்பில் பால் இருக்கிறது என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.